சீனி போடாத தேத்தண்ணி

என் கணவருக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தும் எட்டு மாதமாக எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் அவருக்குச் சீனி போட்ட தேத்தண்ணி கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் நான். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது, என்றாலும் எழுதத்தான் வேண்டும்.

அவர் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டு வள்ளங்களின் மெசின் திருத்துகிறவர். கையெல்லாம் கிறீஸ், வாயெல்லாம் கதை. தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி. ஒருநாள் மத்தியானம், எழுவைதீவுக்காரர் ஒருவரின் மெசினைக் கழற்றிப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"என்னப்பா, சாப்பாட்டுக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை. எந்த நட்டு எங்கை எண்டு தெரியேல்லை."

சொல்லிவிட்டு முன் விறாந்தைக் கதிரையில் இருந்தார். மூன்று மாதமாக அந்தக் கதிரைதான். நித்திரை இல்லை, பசி இல்லை, கதை இல்லை. என்ன காரணம் என்று வந்தவர் போனவர் எல்லோரும் கேட்டார்கள். குடி இல்லை, வழக்கு வம்பு இல்லை. சண்டை பிடிக்க நான் ஒருத்தி இருந்தேன், ஆனால் அது கலியாணம் முடித்த நாளிலிருந்து உள்ளதுதானே.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். எதற்கும் ஒரு விடை இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பது என் நினைப்பு. முதலில் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய டொக்டரிடம் காசு கட்டி நம்பர் எடுத்தோம். பண்ணைப் பாலம் தாண்டிப் போய், மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். இவர் கதிரையில் முழுதாக இருக்க முன்னமே மருந்து எழுதியாயிற்று. அந்தக் குளிசையைப் போட்டால் விடிந்தது, பொழுதுபட்டது ஒன்றும் தெரியாமல் கிடந்தார். ஒரு கிழமையில் எல்லாவற்றையும் கிணற்றடி வாழைக்குள் எறிந்துவிட்டார்.

பிறகு கனடாவில் இருக்கும் என் தங்கச்சி ஒரு ஆளைப் பிடித்துத் தந்தாள். போனில் முகம் பார்த்துக் கதைக்கிறவர், நல்ல மனுசன்தான். "உங்கட உணர்ச்சிகளோடை கொஞ்சம் இருந்து பாருங்கோ" என்றார். "நான் வேறை ஆரோடை இருக்கிறன்?" என்று இவர் கேட்டார். அதோடு சிக்னல் போய்விட்டது. இடையில் நயினாதீவுக்குப் போய் நேர்த்தி வைத்தேன், கையில் நூல் கட்டுவித்தேன். ஒன்றையும் நான் மிச்சம் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை குசினியில் தேங்காய் உடைக்கப்போன மனுசன் கையில் வெட்டுப்பட்டு நின்றார். மணிக்கட்டுக்குக் கிட்ட. கத்தி தவறியதோ என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. துவாயால் சுற்றிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மருந்து கட்டிய நேர்ஸ் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்கப் பயந்ததைச் சாதாரணமாகக் கேட்டாள்.

"தவறுதலாய் வெட்டினதோ ஐயா?"

"ஓம்" என்றார். பிறகு, "எனக்கே சரியாத் தெரியேல்லை, பிள்ளை" என்றார்.

நேர்ஸ் கட்டை முடித்துவிட்டு என்னிடம், "செவ்வாய்க்கிழமை மனநல டொக்டர் இஞ்சை வாறவ. கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. நான்தான் பக்கத்தில் தெரிந்தவர்கள் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை போனோம். டொக்டர் எங்கள் மகளின் வயதுப் பிள்ளை. "நீங்கள் கொஞ்சம் வெளியிலை இருங்கோ ரீச்சர்" என்றாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். இவருக்கு என்ன செய்கிறது என்று என்னைவிட ஆருக்குத் தெரியும்? வெளியே கிடந்த நீள மர வாங்கில் போய் இருந்தேன். முக்கால் மணித்தியாலம் போனது. கதவு திறந்து இவர் வந்தபோது கண் சிவந்திருந்தது.

பஸ்ஸில் வரும்போது அவராகவே சொன்னார். "அந்தப் பிள்ளை ஒரு மெசினை எப்பிடிக் கழட்டிப் பூட்டுறது எண்டு கேட்டது. சொல்லிக்கொண்டு வந்தனான். பாதியிலை மறந்துபோச்சு. அழுகை வந்திட்டுது."

"அதுக்கு என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. அழுது முடியுமட்டும் இருந்தது. பிறகு, இதுக்கு ஒரு பேர் இருக்கு ஐயா, மருந்தும் இருக்கு, ஆனால் ரெண்டு மூண்டு கிழமை போனாப்பிறகுதான் வேலை செய்யும், அதுக்குள்ளை எறிஞ்சுபோடாதேங்கோ எண்டு சொன்னது."

மூன்று மாதத்தில் அவர் இவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான். நான் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

அந்த வாங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேரை எனக்குத் தெரியும். என்னிடம் படித்த பிள்ளையின் தாய் ஒருத்தி, கடைக்காரர் ஒருவர், கோயிலில் தேவாரம் பாடுகிற ஒருவர். எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவரையொருவர் காணாததுபோல இருப்பதுதான் அங்கே மரியாதை. அந்தத் தாயை எத்தனையோ செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கண்டிருக்கிறேன். எங்கே என்று கேட்டால், "சீனிக்கு மருந்தெடுக்க, ரீச்சர்" என்பாள். இப்படி ஒரு நல்ல டொக்டர் பஸ்ஸில் கால்மணித்தியாலத்துக்குள் இருக்க, நான் யாழ்ப்பாணம், கனடா என்று அலைந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த டொக்டரிடம் போன ஒருவரும் அங்கே போனதாகச் சொல்லவில்லை.

அதைக் கண்டு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது யோசனை. அடுத்த முறை பஸ்ஸில், எங்கள் பக்கத்து வளவு அக்கா, "என்ன பிள்ளை, சோடியாய் எங்கை?" என்று கேட்டா. "இவருக்குச் சீனி எண்டு காட்டுது, அக்கா. கிளினிக்குக்குப் போறம்" என்று நான் வாய் கூசாமல் சொன்னேன். இவர் ஒரு முறை என்னைப் பார்த்தார்.

அக்கா நாலு வீட்டுப் பாசத்தை ஒரு ஆளாகச் சுமக்கிறவ. தனக்கே சீனி வருத்தம் உள்ளவ. "சீனி கிளினிக் வியாழன் அல்லோ?" என்று கேட்டா. ஒரு பொய்யோடு நிற்க என்னால் ஏலவில்லை. "இது வேறை, அக்கா. கொஞ்சம் கடுமையான ஆக்களுக்கு" என்றேன். அவ்வளவுதான். அன்று பின்னேரமே, சீனிக்கு நல்லதென்று, ஒரு கடகம் கசப்புக் குறிஞ்சா இலை வந்தது. கிழமைக்கு இரண்டு தரம் குறிஞ்சா வறை. ஒருவர் பாகற்காய் தந்தார், ஒருவர் குரக்கன் மா தந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் இவருக்கு வெறுந்தேத்தண்ணி தனியாக வந்தது. பனங்கட்டி கடித்துக் குடிக்கலாமோ என்று ஒரு வீட்டில் கேட்க, அதுவும் கூடாது என்று இன்னொரு வீட்டார் பதில் சொன்னார்கள். மூன்றாம் மாதம் கோயிலடியில் ஒரு மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கால் எடுக்கிறது எப்பவாம், பிள்ளை?" என்று கேட்டா.

இவர் எல்லாவற்றையும் குடித்தார், எல்லாவற்றையும் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்தபிறகு நான் மூன்று கரண்டி போட்டுக் கலந்து கொடுப்பேன். வாங்கிக் குடிப்பார். கொழும்பில் வேலை செய்கிற மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம், தகப்பனுக்கு இப்படி என்று தெரிந்தால் ஆர் வருவார்கள் என்று நானாகவே சமாதானம் சொல்வேன். அவர் ஓம் என்பார். உண்மையில் மகளின் பெயரைச் சொல்லி என் வெட்கத்தைத்தான் மூடினேன். மகளிடம் கேட்டிருந்தால் அவள் என்னைக் கிழித்திருப்பாள்.

டொக்டர் சொன்னபடியே மெல்ல மெல்லச் சுகம் வந்தது. முதலில் நித்திரை வந்தது. பிறகு கோழிக்கறிக்கு உப்புக் காணாது என்றார். எனக்குக் கோபம் வருவதற்குப் பதிலாகச் சந்தோஷமாக இருந்தது. ஐந்தாம் மாதம் கொட்டிலுக்குப் போய், எழுவைதீவுக்காரரின் மெசினைப் பூட்டி முடித்தார். அந்த மனுசன் அவ்வளவு நாளும் அதை வேறு ஒருவரிடமும் கொண்டுபோகாமல் விட்டிருந்தார்.

ஆறாம் மாதம் கிளினிக்கில் டொக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டாள். சாப்பாடு எப்படி என்று இவரைக் கேட்டாள்.

"எல்லாம் சரி டொக்டர். வெளியிலை தேத்தண்ணிதான் வாயிலை வைக்கேலாது. எனக்குச் சீனி எண்டு ஊரிலை ஆரோ கதை கட்டிப்போட்டினம்."

ஆரோ என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. டொக்டர் திரும்பினாள். நான் நிலத்தைப் பார்த்தேன். இப்போது ஏச்சு விழும் என்று இருந்தேன்.

"ரீச்சர், நீங்கள் நித்திரை கொள்ளுறீங்களோ?" என்று கேட்டாள்.

அந்த ஆறு மாதமும் என்னிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. அவளுடைய மேசையில் தலையை வைத்து அழுதேன். இவர் என் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தார். நான் அழுது முடியுமட்டும் அவள் காத்திருந்தாள்.

ஆனால் அதற்குப் பிறகும் நான் பொய்யை விடவில்லை. எட்டாம் மாதம் இவர் ஒருநாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"இஞ்சரும், வாற செவ்வாய் நான் வரேல்லை. எனக்குச் சுகம்தானே."

"ஒரு வருசத்துக்காவது குளிசையை விடக்கூடாது எண்டு அந்தப் பிள்ளை சொன்னதெல்லோ?"

"சொன்னதுதான். களவெடுத்தவன் மாதிரி ஒளிச்சு ஒளிச்சுப் பஸ் ஏற என்னாலை ஏலாது. பஸ்ஸாலை இறங்கேக்கை திருப்பியும் வருத்தக்காரனாய்த்தான் இறங்கிறன்."

எனக்கு அந்தத் தேங்காய்க் கத்தி கண்ணுக்குள் வந்தது. கெஞ்சினேன், ஏசினேன். அவர் முன் விறாந்தைக் கதிரையில் போய் இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வளவு அக்காவின் புருசனுடைய திவசம். முதல் பந்தியில் இவரும் இருந்தார். நான் தண்ணீர்ச் செம்போடு குசினி வாசலில் நின்றேன். சோறு கறியெல்லாம் முடிந்து பாயாசம் வந்தது. அக்காவின் தம்பி வாளியோடு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தார். இவருடைய இலையடிக்கு வரும்போது அக்கா அடுப்படியிலிருந்து சத்தமாகச் சொன்னா: "அவருக்கு ஊத்தாதை, அவருக்குக் கடுஞ்சீனி."

வாளி இவரைத் தாண்டிப் போனது. இவர் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அக்கா, எனக்குச் சீனி இல்லை" என்றார். "ஒருநாளும் இருந்ததில்லை. நான் போறது மனநல கிளினிக்குக்கு. நித்திரையில்லாமல், சாக வேணும் போலை இருந்தனான். அந்த டொக்டர்தான் என்னை எழுப்பி விட்டவ. வெக்கத்திலை நான்தான் மனுசியைச் சீனி எண்டு சொல்லச் சொன்னனான்."

அக்காவின் தம்பி வாளியோடு திரும்பி நின்றார். அவ்வளவு கசப்பையும் குடித்த மனுசன், கடைசியில் என் பொய்யையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். செம்பை நிலத்தில் வைத்தேன்.

"இல்லை அக்கா. அவர் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்" என்றேன். என் குரல் எனக்கே பள்ளிக்கூடத்தில் பிழை பிடிபட்ட பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தா. தம்பியின் கையிலிருந்த வாளியை வாங்கினா. இவருடைய இலையில் ஒரு அகப்பை ஊற்றினா, இன்னொன்று ஊற்றினா. "முதலே சொல்லியிருந்தால் நான் குறிஞ்சாவுக்கு ஊர் வேலியெல்லாம் ஏறியிருக்க மாட்டன், தம்பி" என்று இவரிடம் சொன்னா. ஆரோ சிரித்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டு பாயாசத்தைக் கையால் வழித்துக் குடித்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. என் கண்ணிலும்தான்.

நான் கிணற்றடியில் செம்பு கழுவிக்கொண்டு நிற்கும்போது அக்கா பின்னால் வந்தா. கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"அந்த டொக்டர் எப்பிடிப் பிள்ளை, ஏசுவாவோ?"

"இல்லை அக்கா. அழுதால் அழ விடுவா."

"அவர் போனதிலையிருந்து மூண்டு வருசமாய் நானும் ஒழுங்காய் நித்திரை கொண்டதில்லை" என்றா. "ஆரிட்டைச் சொல்லுறது? எல்லாரும் என்னட்டைத்தானே வந்து சொல்லுகினம்."

செவ்வாய்க்கிழமை காலை இவர் எனக்கு முன்னமே வெளிக்கிட்டு நின்றார். பஸ்ஸில் மூன்று பேர் இருக்கிற சீற்றில் அக்காவும் எங்களோடு இருந்தா, மடியில் கிளினிக்குக்கென்று வாங்கிய புதுக் கொப்பி ஒன்று. அடுத்த பஸ் தரிப்பில் என்னிடம் படித்த பிள்ளையின் தாய் ஏறினாள். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கை ரீச்சர், எல்லாருமாய்?"

வாய் பழக்கத்தில் சீனி என்று வந்துவிடப் பார்த்தது. இவர் ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் காது என் பக்கம்தான் இருந்தது.

"மனநல கிளினிக்குக்கு" என்றேன். "நீரும் அங்கைதானே? வாரும், இதிலை கொஞ்சம் ஒடுங்கி இருப்பம்."

அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.