தங்கை கேட்ட மூன்று வாரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் தங்கைக்கு வராது. அதனால்தான் அந்த வேலையில் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தாளோ என்னவோ. ஏசி ரிப்பேர் கம்பெனியில் போனை எடுத்துப் புகார் எழுதிக்கொள்கிற வேலை. குளிர்காலத்தில் நாளைக்கு முப்பது போன் வந்தால் பெரிது. கோடையில் இருநூறு. புழுங்கிப்போன மனிதர்கள் நாக்கில் நரம்பில்லாமல் திட்டுவார்கள். அவள், "சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்பாள். சிரமப்பட்டவளும் அவள், வருந்தியவளும் அவள்.

போன கோடையிலேயே ஆரம்பித்துவிட்டது. காலையில் ஒரு கால் செருப்பை மாட்டிவிட்டு, மறு காலுக்கு மாட்ட மனசு வராமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். "வெயிலுக்கு எல்லாருக்கும் அப்படித்தான்டி, தண்ணி நிறைய குடி" என்று சொன்ன மகராசி நான்தான். இந்தக் கோடையில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து அழுதாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப்போனேன். மூன்று வாரம் வேலைப் பக்கமே போகக் கூடாது என்று அவர் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதம் இரண்டு நாள் அவள் கைப்பையிலேயே கிடந்தது. மேனேஜரிடம் கொடுக்க வெட்கம். கோடையில் நீண்ட லீவு ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் என்று வேறு அங்கே சட்டம். பக்கத்து இருக்கைக்காரியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். கண்ணாடிக்காரி என்போம் நாங்கள். ஆறு வருஷச் சிநேகிதி. ஒருத்திக்குக் குரல் உடைகிற மாதிரி இருந்தால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவாள். மற்றவள் அந்த போனைத் தன் பக்கம் வாங்கிக்கொள்வாள். அப்படி ஒரு ஒப்பந்தம். அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாள்? செருப்பு, தட்டு, அழுகை எல்லாவற்றையும் சொல்லி, கடிதத்தையும் காட்டியிருக்கிறாள்.

மறுநாள் என் தங்கை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார்.

"என்னம்மா, செருப்பு ஒரு கால்ல, சாப்பாட்டைப் பாத்தா அழுகை... வார்த்தை மாறாம இப்பதானே உன் சிநேகிதி சொல்லி மூணு வாரம் லீவு வாங்கிட்டுப் போனா? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?"

"எங்கிட்ட டாக்டர் லெட்டர் இருக்கு சார்."

"லெட்டர் யார் வேணா வாங்கலாம்மா."

கைப்பைக்குள் விட்ட கையை என் தங்கை வெளியே எடுத்துவிட்டாள். நிஜமான நோயாளி அவள். அந்த அறையில் காப்பியடித்தவளாக நின்றது அவள்.

கண்ணாடிக்காரியிடம் சொல்லாத ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. என்னிடம்கூடச் சொல்லாதது. அதை எடுத்து வைத்தாள்.

"போன வாரம் ஸ்கூல்லேந்து என் பொண்ணு ஆபீஸ் நம்பருக்குப் போன் பண்ணா சார். வயித்தை வலிக்குதுன்னா. எனக்குக் குரலே அடையாளம் தெரியல. 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, இன்றைக்குள் மெக்கானிக் வருவார்'னு சொல்லி வச்சுட்டேன். சாயந்திரம் வீட்டுக்குப் போனா, 'ஏம்மா, மெக்கானிக் வரவே இல்ல'ன்னு கேக்குறா."

மேனேஜர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். லீவு கொடுத்தார். ஆனால் முதலில் போனவள் திரும்பி வந்த பிறகுதான். அந்த மூன்று வாரமும் இரண்டு பேர் போனை என் தங்கை ஒருத்தியே எடுத்தாள். மேஜையைத் தட்டினாலும் கேட்க ஆளில்லை. நாலாம் நாளே கண்ணாடிக்காரி தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் கடலில் கால் நனைக்கிற போட்டோ போட்டாள். அவள் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்கக் கிளம்பினேன். "வேண்டாம்க்கா" என்று தடுத்துவிட்டாள்.

கண்ணாடிக்காரி திரும்பி வந்த அன்று, சாயந்திரம் என் தங்கையைக் கூட்டிப்போக ஆபீஸுக்குப் போயிருந்தேன். என்னைக் கண்டதும் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கோவமாடி?" என்று என் தங்கையிடம் கேட்டாள். "வீட்டுக்காரர் டிக்கெட் போட்டுட்டார். சும்மா கேட்டா மேனேஜர் லீவு தரமாட்டார்னு, நீ சொன்ன ரெண்டு வார்த்தையைச் சொன்னேன். வேற ஒண்ணுமில்ல."

"லீவு வேணும்னு கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன்" என்றாள் என் தங்கை. "அந்த ரெண்டு வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ரெண்டு கோடை ஆச்சு."

கண்ணாடிக்காரி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மணி அடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

லீவு என் தங்கைக்கு நல்லது செய்தது. தூங்கினாள், சாப்பிட்டாள், மகளோடு விளையாடினாள். எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் இப்போதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்கிறாள். நான் கேட்டாலும் அதையேதான் சொல்கிறாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.