ஏசி அறையில் நொறுங்கிய மிட்டாயும் என் வீட்டுக்காரரின் உருளையும்

சிறு கம்பெனிக்காரர்களுக்காகக் கோவில்பட்டியில் கட்டிய பொது மையத்தைப் பார்க்க, கடலை மிட்டாய்த் தொழில் தொடங்க நினைக்கிற மகளிர் குழுவினர் வருகிறார்கள். நீங்களும் வருவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டு வாருங்கள். நான் போன சனிக்கிழமை போனேன், சுற்றிப் பார்க்க அல்ல. என் வீட்டுக்காரர் இறந்து நாலு மாதம் ஆகிறது. அவர் செய்து மையத்துக்குக் கொடுத்த மிட்டாய் வெட்டும் உருளையைத் திங்கட்கிழமைக்குள் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம் என்று போன் வந்தது.

எங்கள் ஊர் பசுவந்தனையில் காலை ஏழு இருபதுக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் காசு இல்லை. இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். முந்தின நாள் மழை பெய்திருந்தால் பார்த்து ஏறுங்கள், கரிசல் மண் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டிலிருந்து மையம் மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

அந்த உருளை பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். கத்திகள், தீப்பெட்டி ஆபீஸில் அட்டை வெட்டித் தேய்ந்து கழித்தவை. பேரிங், லேத் பட்டறைக்காரர் கொடுத்தது. பட்டறைக்கு எதிர்த்த மிட்டாய்க் கம்பெனியில் பாகைப் பாளமாகத் தட்டியதும் இவர் ஓடிப்போய் உருட்டிப் பார்ப்பார். சரியில்லை என்றால் திரும்பவும் தெருவைக் கடந்து லேத்துக்கு. எல்லாம் கோவில்பட்டி லேத் தெரு ஒன்றிலேயே இருந்ததால்தான் முடிந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து செய்திருந்தால் ஆயுசுக்கும் முடித்திருக்க மாட்டார். எல்லாருக்கும் உதவட்டும் என்று மையத்துக்குக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அது ஜெனரேட்டருக்குப் பின்னால் கிழிந்த சாக்குக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. மேனேஜரோ என்னை உள்ளே கூட்டிப்போய்ப் புது மிஷினைக் காட்டினார். ஏசி அறை. மிட்டாய்ப் பாளம் மிஷினுக்குள் போனது, தூளாக வெளியே வந்தது.

“வெல்லம் சரியில்லம்மா” என்றார்.

வெட்டுகிற மேசையில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.

“வெல்லத்தை ஏன் ஏசுதீங்க? சூடு ஆறுறதுக்குள்ள வெட்டணும். இப்படிக் குளிர வச்சா நொறுங்காம என்ன செய்யும்?”

“ஏசி இருந்தாத்தாம்மா பாக்க வாரவிய மதிப்பாவ.”

“பாக்க வாரவியளா மிட்டாய் வெட்டப் போறாவ?”

தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். “ஒங்க வீட்டுக்காரரும் இதைத்தான் சொன்னாவ எக்கா. பொட்டலம் போடுத ரூமுக்கு ஏசி போடுங்க, இங்கன வேண்டாம்னு. கேட்டாத்தான?”

இதை அவர் வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

லோடு ஆட்டோக்காரர் உருளையைப் பார்த்து, “ரோடு போடுத இஞ்சின் குட்டி போட்டிருக்கா எக்கா?” என்றார். பசுவந்தனைக்கு எழுநூறு கேட்டார். ஏறி உட்கார்ந்த பிறகு யோசித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் துருதானே பிடிக்கும்? லேத் தெருவுக்கு விடச் சொன்னேன், இருநூறு.

“வாங்க மதினி” என்ற லேத்துக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் உருளையை இறக்கினார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஒரு மணி நேரம் ஆனது. எதிர்த்த கம்பெனியிலிருந்து சூடான பாளத்தைத் தூக்கி வந்தார்கள். பாளத்தை வைக்கிற தகட்டுக்கு அடியில் என் வீட்டுக்காரர் ஒரு தகரத் தொட்டி வைத்திருந்தார். பாளம் ஆறாமல் இருக்க அதில் வெந்நீர் ஊற்றி உருட்டினோம். ஒரு தூள் விழவில்லை.

“மதினி, அளவெடுத்துக்கிடட்டா? ரெண்டு பேரு இதே மாதிரி கேக்காவ.”

“எடுங்க அண்ணாச்சி. இது இங்கனயே இருக்கட்டும். கேக்கிறவியளுக்கெல்லாம் செஞ்சு குடுங்க.”

“பிடில சுத்துன சைக்கிள் ட்யூப் தேஞ்சு போச்சு. மாத்திருதேன்.”

“அதைத் தொடாதீங்க.”

வருகிறவர்கள் மையத்தையும் பாருங்கள். கட்டிடம் எவ்வளவு, மிஷின் எவ்வளவு என்று கேட்காமல் வெட்டுகிற மேசையில் கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால், அங்கே தொழில் தெரிந்தவன் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் லேத் தெருவுக்குப் போங்கள். பதினோரு மணிக்குள் போனால் பாகு இறக்குகிற நேரம். உருளையை உருட்டிப் பார்க்கக் கேளுங்கள், தருவார்கள். பிடியில் வலது பக்கம் அவர் கட்டைவிரல் அழுத்தி அழுத்திப் பள்ளமாகியிருக்கும். உங்கள் விரலையும் அதில் வையுங்கள். அப்போதுதான் நேராக வெட்டும்.