வானவில்லுக்கு முட்டி வலி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டையும் வெளியே நின்று பார்த்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று கிளம்பி வர மாட்டார். அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்து, நாலு தடவை மேலும் கீழும் போய்வந்து, கிரீஸும் தூசியுமாக இறங்கினால்தான் மனுஷனுக்கு நிம்மதி. அந்தப் புத்தியை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார் பாருங்கள், அங்கேதான் கூத்து!

எங்கள் மகளுக்குப் பதிமூன்று வயது. கம்ப்யூட்டரில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று விளையாடுவாள். முகம் தெரியாதவர்களும் அதில் வந்து பேசலாம் என்பதால் எங்கள் இருவருக்குமே உள்ளூர உதறல். "பக்கத்துல உட்கார்ந்து என்ன ஏதுன்னு கேளுங்களேன்" என்றேன். கேட்கிற ஆளா? "உள்ள ஏறிப் பாத்தாதான்டி தெரியும்" என்று, பன்னிரண்டு வயதுப் பெண்ணாக, வானவில் என்ற பெயரில் தானே அதில் சேர்ந்துவிட்டார். மீசையை முறுக்கிக்கொண்டு போனைத் தட்டும் அந்தச் சின்னப்பெண்ணைப் பார்த்து எனக்கு எரிச்சல் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் முகம் வெளிறி வந்து நின்றாள்.

"அம்மா, திட்டாதே. விளையாட்டுல வானவில்னு ஒருத்தி இருக்கா. பொண்ணே இல்லம்மா, யாரோ பெரிய ஆளு. பயமா இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிடி சொல்றே?"

"பன்னெண்டு வயசுல யாருக்காவது மழை வந்தா முட்டி வலிக்குமா? தினம் 'சாப்பிட்டியா'ங்குது. 'ஹெட்போன் மாட்டாதே, காது போயிடும்'ங்குது. இன்னைக்கு, 'உங்க அப்பா எப்படி?'ன்னு கேக்குது! நான் பதிலே சொல்லல. பிளாக் பண்ணிட்டேன், புகாரும் கொடுத்துட்டேன்."

மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தோள் குலுங்கியதைப் பார்த்து, அம்மா அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டது பாவம்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையிலிருந்து ஒரு அலறல். "அடியே! விளையாட்டுலேர்ந்து என்னைத் தூக்கிட்டாங்கடி!" போனோடு ஓடிவந்தவர் மகளைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவள் போனைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள்.

"அப்பாவா?"

வெட்கப்பட வேண்டிய மனுஷன் குதித்தார்! "நீயா கண்டுபிடிச்சே? நீயாவே வந்து அம்மாகிட்ட சொன்னியா? என் தங்கமே!" என்று அவளைத் தூக்கிச் சுற்றப்போனார்.

அவள் கையைத் தட்டிவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "எவ்வளவு பயந்தேன் தெரியுமா? வானவில் கேட்டதுல ஒண்ணாவது வீட்டுல என்கிட்ட கேட்டிருக்கீங்களாப்பா?"

அவர் துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தப்புதான்டா. சரி, இப்ப நானே கேக்கறேன். உங்க அப்பா எப்படி?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியலப்பா. இன்னைக்குத்தானே பேச ஆரம்பிச்சிருக்காரு."