சுனில்டாவின் சுருளும் ஒரு ஜெனரேட்டரும்

அம்மா செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. காசிமிரோவின் ஆத்திரத்துக்கும் அதே வயசு.

அன்றைக்குப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தது தன் அம்மாவே இல்லை என்று அவன் இன்றுவரை சொல்கிறான். முகம் அவளுடையதுதான். நெஞ்சின் மேல் கோத்து வைத்த கையும் அவளுடையதுதான். தலையில் இருந்த முடி மட்டும் வேறு எவளுடையதோ. இஸ்திரி போட்ட துணி மாதிரி நெற்றியிலிருந்து தோள்வரைக்கும் வழித்து விட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அந்தத் தலை சுருள் சுருளாக, மூன்று பேருக்குப் பங்கு போடுகிற அளவுக்கு இருக்கும். வாசலில் நுழைந்தால் முதலில் முடி நுழையும், அப்புறம்தான் அம்மா.

துக்கத்துக்கு வந்த பெண்கள் வரிசையாகப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"எவ்வளவு லட்சணமா இருக்கா பாரு. இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்கா" என்று ஒருத்தி சொன்னாள். சொல்லிவிட்டுப் போய் இஞ்சிக் காபி குடித்தாள், இரண்டு பிஸ்கட்டும் தின்றாள்.

செத்த பிறகுதான் மனுஷியா? அப்படியானால் அறுபத்து நாலு வருஷம் அவள் என்னவாக இருந்தாள்? இதைக் கேட்க வேண்டிய நேரத்தில் காசிமிரோ கேட்கவில்லை. வண்டிகளுக்குப் புகைக்குழாய் பற்றவைக்கிறவன் அவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்தவன். பேச்சு அவனுக்கு எப்போதுமே இரண்டு நாள் கழித்துத்தான் வரும்.

முடியை அப்படி இழுத்துவிட்டவள் அவன் அக்கா எர்மினியா. சான் பெத்ரோவில் ஆற்றுப் பக்கத்துப் பேட்டை முழுவதுக்கும் அவள் சலூன்தான். சனிக்கிழமை காலையில் பார்க்க வேண்டும். ஈரத் தலையில் பெரிய பெரிய ரோலர்களைச் சுற்றிக்கொண்டு, சூடு கக்கும் தொப்பிகளுக்குக் கீழே பெண்கள் வரிசையாக வெந்துகொண்டிருப்பார்கள். அது முடிந்தால் உருளை பிரஷ். எர்மினியா ஒரு காலை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு, கோழிக்கு இறகு பிடுங்குகிற மாதிரி இழுப்பாள். ரோலரோடு கடைக்குப் போய் முட்டை வாங்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொந்தச் சுருட்டையோடு வேலை கேட்டுப் போனால் மட்டும், தலையை வாரிக்கொண்டு வா என்பார்கள். அதற்கு ஊரில் பெயரே 'கெட்ட முடி'. முடி யாருக்கு என்ன கெடுதல் செய்தது என்று காசிமிரோவுக்கு இன்னமும் விளங்கவில்லை. திருடியதா, பொய்சாட்சி சொன்னதா?

அந்தச் சலூனில் ஒன்பது வருஷம் கூடமாட வேலை செய்தவள் இவர்களின் தங்கை சுனில்டா. அம்மாவின் அதே தலை அவளுக்கு. ஆனால் அக்கா கடையில் நிற்கிறவள் சுருட்டையோடு நிற்க முடியுமா? வாரம் தவறாமல் இழுத்து இழுத்து, நெற்றி ஓரத்தில் முடி தேய்ந்து, காது மேல் பழுப்பாக ஒரு சூட்டுத் தழும்பும் வந்துவிட்டது.

அம்மாவை அடக்கம் செய்து, ஒன்பது நாள் ஜெபமும் முடிந்த மறு சனிக்கிழமை, ஆறு வயசுக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் போட்டோ. சூடு பட்டுக் குழந்தை கத்தியது.

"அசையாம இரு. இந்தத் தலையோட போட்டோவுக்கு நின்னா, யார் பெத்த காட்டுப் பிள்ளைன்னு கேப்பாங்க" என்றாள் பெற்றவள்.

சுனில்டா டிரையரை அணைத்தாள். குழந்தையை இறக்கிக் கொண்டுபோய்த் தலையைத் தண்ணீரில் காட்டினாள். இரண்டு மணி நேரம் இழுத்த வேலை அரை நிமிஷத்தில் சுருண்டுகொண்டது. குழந்தை சிரித்தது. எர்மினியா சிரிக்கவில்லை.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு. வெளிய போ" என்றாள்.

"போறேன் அக்கா. ஆனா நீ அம்மாவோட தலையில செஞ்சதை நான் மறக்க மாட்டேன்."

அன்றைக்கே சுனில்டா தன் முடியைக் காதுவரைக்கும் வெட்டிக்கொண்டாள். வெந்துபோனதை வெட்டினால்தான் நல்லது வளரும் என்று காசிமிரோவிடம் சொன்னாள். அவனுடைய பட்டறையை ஒட்டிக் கார் நிறுத்தும் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் ஒரு நாற்காலி, ஒரு தொட்டி, ஒரு கண்ணாடி. அவ்வளவுதான் கடை.

முதல் வருஷம் யாரும் வரவில்லை. வந்தவர்களும் பின்பக்கமாக, காசிமிரோவின் பழைய இரும்புக் குவியலைத் தாண்டிக்கொண்டுதான் வந்தார்கள், ஏதோ தப்புக் காரியத்துக்கு வருகிற மாதிரி. எதிர்க்கடை மேசையில் டோமினோ ஆடுகிறவர்கள் கேலி பேசினார்கள்.

"என்ன காசிமிரோ, தங்கச்சி பாத்திரம் தேய்க்கிற நார் விக்கிறாளாமே?"

"ஆமா. உன் வாயைத் தேய்க்க ரெண்டு எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோ" என்றான் அவன். அந்த ஒரு பதில் மட்டும் அவனுக்கு உடனே வந்தது.

ஆனால் அவள் கை பேசியது. காய்ந்த சுருட்டையில் சீப்பைப் போட விடமாட்டாள். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனரை அள்ளிப் பூசி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுப்பாள். ஆளி விதையைக் கொதிக்க வைத்து, பழைய காலுறையில் பிழிந்த கூழை விரலால் இழை இழையாகத் தடவுவாள். பிறகு கீழிருந்து உள்ளங்கையில் ஏந்தி, பஞ்சை அமுக்குகிற மாதிரி அமுக்கி அமுக்கி விடுவாள். துண்டு கூடாது, பழைய பனியன்தான். துண்டின் சொரசொரப்பு சுருளைப் பிரித்துச் சிலுப்பிவிடும் என்பாள். எல்லாம் முடிந்ததும் அவள் போடுகிற சட்டம் ஒன்றே ஒன்று: காயும்வரைக்கும் எவளும் தொடக்கூடாது. தொட்டவள் கையில் அடியே விழும். காய்ந்த பிறகு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்துக் கசக்கி விடுவாள். கடல் காற்றடித்தாலும் ஒரு மயிர் எழுந்து நிற்காது.

மழைக்காலத்தில் முடி காயத்தான் மாட்டேன் என்றது. டிரையர் போட்டால் காற்று நேரே அடித்துச் சுருளைக் கலைத்தது. அவள் ஒரு நாள் பட்டறையில் நின்று, சைலன்சருக்குள் வைக்கிற ஓட்டைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது எதுக்கு?"

"சத்தத்தை உடைக்க."

"காத்தை உடைக்குமா?"

அன்றைக்கு மத்தியானமே அவன் அந்தத் தகரத்தைச் சட்டியாக வளைத்து, விளிம்பை வழவழவென்று அரத்தால் தேய்த்து, டிரையரின் மூக்கில் மாட்டிக் கொடுத்தான். காற்று நூறு ஓட்டை வழியாக மெல்ல வந்தது. சுருளை அந்தச் சட்டியில் உட்கார வைத்தாள், உட்கார்ந்தபடியே காய்ந்தது. காசிமிரோ தன் ஆயுசில் செய்த வேலைகளில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறான்.

அப்புறம் கூட்டம் வந்தது, முன்வாசல் வழியாகவே. எர்மினியா மட்டும் வரவில்லை. ஒரே தெருவின் இரண்டு முனையில் இருந்துகொண்டு அக்காளும் தங்கையும் பதினோரு வருஷம் பேசவில்லை.

போன வருஷம் சுனில்டாவின் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. நாற்பத்து நாலு வயசு. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். இந்த அக்டோபரில் உடம்பு அதையும் தாங்கவில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் அழவில்லை. ஒன்றை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அண்ணே, என்னை என் தலையோட புதைக்கணும். அம்மாவுக்குப் பண்ணின மாதிரி பண்ண விட்ராத."

"எவ வர்றான்னு பாக்குறேன்" என்றான்.

வந்தாள் எர்மினியா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கையில் சூப்புத் தூக்குவாளி, தோளில் பை. பையிலிருந்து உருளை பிரஷும் டிரையரும் எட்டிப் பார்த்தன. காசிமிரோ வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"சூப்பு உள்ள போகலாம். பை போகாது."

"நகருடா. பாக்க வர்றவங்க முன்னாடி அவளைக் கண்ணியமா வைக்க வேணாமா?"

"அம்மாவைக் கண்ணியமா வச்சது போதும். எனக்கு அடையாளமே தெரியல."

எர்மினியா பையைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அம்மாவோட கடைசி நாள்ல ஒரு நல்லது செய்யணும்னு எனக்குத் தெரிஞ்ச வேலையைச் செஞ்சேன். அன்னைக்குப் பேட்டை முழுக்கக் கரண்ட் இல்ல. டிரையர் எதுல ஓடுச்சு? பட்டறையிலருந்து ஜெனரேட்டரை இழுத்துட்டு வந்து, வயரைப் போட்டு, நல்லா ஓடுதா அக்கான்னு கேட்டது யாருடா?"

பதினோரு வருஷமாக அவன் யாரிடமும் சொல்லாமல் விழுங்கி வைத்திருந்தது அதுதான். அழுதுகொண்டே ஜெனரேட்டரைக் கயிறு இழுத்துக் கிளப்பியவன் அவன்தான். பெட்ரோல் தீர்ந்தபோது ஓடிப் போய் வாங்கி வந்தவனும் அவன்தான்.

"அக்காவை உள்ள விடு" என்று கட்டிலிலிருந்து சுனில்டா சொன்னாள்.

எர்மினியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தங்கையின் தலை தலையணை முழுக்கக் கறுகறுவென்று சுருண்டு கிடந்தது. தொழில்காரி கை சும்மா இருக்குமா? தானாகவே போய் ஒரு சுருளை விரலில் சுற்றிப் பார்த்தது. இழுத்தாள், விட்டாள், சுருள் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தது.

"மெத்துன்னு இருக்கு" என்றாள், யாரோ கட்டாயப்படுத்திச் சொல்ல வைத்த மாதிரி. "படுத்த படுக்கையா இருந்தும் முடி சிலுப்பிக்கல. என்னத்தைப் போடுற?"

"ஆளி விதை."

"அது குதிரைக்கு வைக்கிறது."

"நீ முடியை நீட்டப் போடுற மருந்து மட்டும் என்ன, மனுஷனுக்கு வைக்கிறதா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். காசிமிரோ சிரிக்கவில்லை. சிரித்தால் பதினோரு வருஷத்தை என்ன செய்வது? எர்மினியா போகும்போது சூப்பை வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனாள். மன்னிப்புக் கேட்கவில்லை. இனிமேல் செய்ய மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. மின்சாரமும் போனது. காசிமிரோ கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினான். மூன்று வாரமாக அவள் தலையிலேயே பழகியிருந்தான். ஈரம், கூழ், அமுக்கு, தொடாதே.

"நானே செஞ்சிடுவேன். நீ கவலைப்படாத."

"உன் கை இரும்புக் கைண்ணே. ஒரு தடவைக்குப் பத்து மயிர் பிடுங்குற. செத்தாலும் எனக்கு வலிக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள். "அக்காவைக் கூப்பிடு."

"அவளையா? என் பொணத்தைத் தாண்டித்தான் அவ..."

"பொணம் நான்தான். நான் சொல்றதைக் கேளு. நீ செஞ்சா, கிறுக்கு அண்ணன் பண்ணின வேலைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அவ செஞ்சா ஊரே வாயை மூடிட்டுப் பாக்கும். அடுத்த வாரம் அவ கடையில எவளாவது ஒருத்தி, சுனில்டாவுக்குச் செஞ்ச மாதிரி எனக்கும் வேணும்னு கேப்பா."

இத்தனை வருஷம் காசிமிரோ காத்த கோபத்தை யாரிடம் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்கிறாள் பார். அவள் அவன் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"அன்னைக்கும் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டரை எடுத்துட்டு வா. உன் சட்டியை மாட்டி டிரையரை அவ கையில குடு. நீ பக்கத்துலயே நில்லு. காயற வரைக்கும் யாரையும் தொட விடாத, அவளையும் சேத்துதான்."