ஒரு சொட்டு மருந்து

கொய்யா மரங்களுக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக்காரர் மயங்கி விழுந்தார். மறுநாள் செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் கேட்காத ஆளில்லை: "மருந்தைக் குடிச்சுப்போட்டாருங்களா?" குடிக்கவில்லை, அடித்தார் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

இனி தோட்டத்துக்குள் மருந்து டப்பாவே வரக்கூடாது என்று மரத்துக்கு மரம் துளசி நட்டேன். வாசத்துக்குப் பூச்சி ஓடிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பழ ஈ அந்த வாசத்துக்குத்தான் கூட்டம் கூட்டமாக வந்தது. எந்தப் பழத்தை அறுத்தாலும் உள்ளே புழு நெளிந்தது.

பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒரு வழி சொன்னார். துளசியைக் கசக்கித் தண்ணீரில் போட்டு, ஒரு சொட்டு மருந்து கலந்து, கொட்டாங்குச்சியில் ஊற்றி மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். வாசத்துக்கு வருகிற ஈ அதிலேயே விழுந்து சாகும்.

அந்த ஒரு சொட்டுக்காக, மூன்று வருடம் கழித்துத் தொண்டாமுத்தூர் மருந்துக்கடைப் படியேறினேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு கேள்வி கேட்காமல் டப்பா டப்பாவாக எடுத்துக்கொடுத்த அதே கடைக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்குங்க அம்மணி?"

"ஈக்குங்க."

அவர் டப்பாவை எடுக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்களும் குடிச்சுப்போட்டா நான் என்னங்க பண்றது?"