கார்னெட் வாட்டி குன்றேறிய நாள்

கார்னெட் என்பது முதலில் ஆள் அல்ல, துணி. குதிரைப்படைப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் முன்னால் பறந்த சிறு கொடிக்குத்தான் அந்தப் பெயர். காலப்போக்கில் கொடியின் பெயர் அதைச் சுமந்தவனுக்கு ஒட்டிக்கொண்டது. அதிகாரிகளில் அவன்தான் கடைக்குட்டி. எதிரி முதலில் குறிவைப்பதும் அவனைத்தான். பிறகு வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பதவியை விலை கொடுத்து வாங்கினார்கள். 1871-இல் பிரிட்டிஷ் ராணுவம் அந்த வியாபாரத்தை நிறுத்தியது. கார்னெட் பதவியையும் மூட்டைகட்டிப் பரணில் போட்டது.

ஸ்காட்லாந்தின் தென் எல்லையில், எங்கள் அலன்ஹோப் போன்ற சிறு நகரங்களில் மட்டும் அது பரணுக்குப் போகவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் நகர மன்றம் கூடி, கல்யாணமாகாத ஒரு இளைஞனைக் கார்னெட்டாக நியமிக்கும். ஆகஸ்ட் மாதம் அவன் நகரத்தின் பச்சைக் கொடியை ஏந்தி, ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலத்தின் எல்லையைக் குதிரையில் சுற்றி வருவான். பக்கத்துப் பண்ணையார்கள் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்றுவிடக் கூடாது என்று ஏற்பட்ட வழக்கம். அன்றைக்கு நகரத் தலைவரே அவனுக்குப் பின்னால்தான் வர வேண்டும். முந்தைய ஆண்டின் கார்னெட் அவனுக்கு வலப்புறம், அதற்கும் முந்தையவர் இடப்புறம்.

எல்லாவற்றுக்கும் சிகரம், கடைசியில் வரும் துரத்தல். கார்னெட் கொடியோடு காக்கைக் குன்றின் சரிவில் நாலுகால் பாய்ச்சலில் ஏறுவான். ஊரே குதிரைகளில் அவனைத் துரத்தும். துரத்தலாமே தவிர முந்தக் கூடாது. கொடி தரையைத் தொடக் கூடாது. பொறுப்பேற்றவனே அதைத் தன் கையால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை அவனுக்குக் கல்யாணமும் கிடையாது.

1914-இல் வாட்டி ஆலிவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கம்பளி ஆலையின் சாயப்பிரிவில் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் முழங்கை வரை நீலமாகத்தான் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு நிச்சயம் செய்யப்பட்டிருந்தவள் அதே ஆலையில் பின்னலாடை தைத்த எஃபி லெய்ட்லா. சவாரி முடிந்து அக்டோபரில் கல்யாணம் என்று பேச்சு.

சவாரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது போர் மூண்டது. ஊர்ப்படையில் பெயர் கொடுத்திருந்த இளைஞர்கள் எல்லாரும் அன்று மாலையே ரயிலேறினார்கள். நல்ல குதிரைகளை ராணுவம் பிடித்துக்கொண்டு போனது. கொடி நகர மன்றத்தின் கண்ணாடிப் பெட்டியிலேயே கிடந்தது.

ராணுவத்தில் வாட்டி வெறும் சிப்பாய், அதிலும் கடைநிலை. ஆனால் அவனோடு போன அலன்ஹோப் பையன்கள் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. துருக்கியின் கலிப்பொலி போர்முனைக்குப் போகும் கப்பலில் ஒருநாள் தண்ணீர்ப் பங்கீட்டில் தகராறு. தெற்கே இங்கிலாந்திலிருந்து வந்த இளம் லெப்டினன்ட் ஒருவர் வந்து அதட்டினார்.

"கார்னெட் வரட்டும் சார். அவன் பிரிச்சுக் கொடுத்தா ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்."

சொன்னவன் ஜாக் டெல்ஃபர். 1913-இன் கார்னெட் அவன்தான். வாட்டியின் வலப்புறம் வர வேண்டியவன். லெப்டினன்ட் அதிகாரிகள் பட்டியலை இரண்டு தடவை புரட்டியிருக்கிறார்.

"இந்தக் கப்பல்ல கார்னெட்னு யாரும் இல்லையே?"

"அதோ, உருளைக்கிழங்கு உரிச்சிட்டு இருக்கானே, அவன்தான் சார்."

"விளையாடுறியா? அந்தப் பதவியை ராணுவம் எடுத்து நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு!"

"ராணுவம் எடுத்திருக்கலாம் சார். எங்களை ஒரு வார்த்தை கேக்கலையே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லெப்டினன்டும் கடைசியில் சிரித்துவிட்டார். வாட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்து தண்ணீரைப் பிரித்துக் கொடுத்தான். ஒருத்தனும் வாய் திறக்கவில்லை.

1915 ஜூலையில் ஒரு காலைத் தாக்குதலில் அந்தப் படையில் பாதிக்கு மேல் அழிந்தது. உயிரோடு வந்தவர்கள் பின்னால் சொன்னது இது: லெப்டினன்ட் வயிற்றில் குண்டு பட்டு, காய்ந்த ஓடையில் கிடந்தார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பையன்கள் மண்ணோடு ஒட்டிக் கிடந்தார்கள். அவர் தலையைத் தூக்கி, "கார்னெட், இவங்களைக் கூட்டிட்டுப் போ" என்றார். அவனை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாட்டி எழுந்து நின்றான். அவன் எழுந்ததைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள். கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தான். வரும் வழியில் அவன் இடது கை முழங்கைக்கு மேலிருந்தே துண்டாகிப் போனது. ஜாக் டெல்ஃபர் வரவில்லை.

போர் முடிந்தது. 1919 வசந்தத்தில் நகர மன்றம் கூடியபோது, மண்டபத்தில் மூச்சு விட இடமில்லை. எல்லார் மனதிலும் ஒரே கேள்வி. இன்னும் கார்னெட் வாட்டிதான். அவன் சவாரி செய்யவில்லை, கொடியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஆனால் ஒரு கையால் கொடியைப் பிடிப்பானா, கடிவாளத்தைப் பிடிப்பானா?

குதிரை வியாபாரியின் மகன் டாண்ட் எலியட் எழுந்தான். ஊரிலேயே வேகமான குதிரை அவனிடம்தான் இருந்தது. கார்னெட்டாக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

"வாட்டி அண்ணன் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா கொடி கீழ விழுந்தா அவமானம் அவருக்கு மட்டும் இல்ல, ஊருக்கே. புது ஆளைப் போடுங்க."

"புது ஆளுன்னா, நீயா?" என்றார் 1912-இன் கார்னெட்டான ரொட்டிக்கடை சாண்டி க்ரோசர்.

"ஏன், நான் ஆகக் கூடாதா?"

"ஆகலாம்டா. உன் குதிரைக்கு முழுத் தகுதி இருக்கு. உனக்கு இருக்கான்னுதான் யோசிக்கணும்."

மண்டபம் சிரித்தது. நகரத் தலைவர் வாட்டியைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே, தம்பி? விட்டுக்கொடுத்தாலும் உன்னை யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

வாட்டி எழுந்தான். "ஐயா, ஜாக் இருந்திருந்தா வலப்பக்கம் வந்திருப்பான். அவன்கிட்ட நான் விட்டுக்கொடுத்துட்டேன்னு சொல்ல முடியாது. நான் ஏறுறேன். விழுந்தா அப்புறம் பேசிக்கலாம்."

வெளியே எஃபி காத்திருந்தாள். ஐந்து வருடமாகக் காத்திருந்தவள்.

"அந்தக் கொடிதான் எனக்குச் சக்களத்தி, தெரியுமா?" என்றாள். "ஒண்ணு, ஏறி அவளைக் கொண்டுபோய் வீட்ல விட்டுட்டு வா. இல்லேன்னா, முடியலைன்னு சொல்லிட்டு வா. ரெண்டும் இல்லாம ராத்திரி பகலா அந்தக் குன்றையே பாத்துட்டு இருக்கிறவனை நான் கட்டிக்க மாட்டேன்."

"விழுந்துட்டா?"

"தூக்கி விட எனக்கு ரெண்டு கை இருக்கு."

சேணம் செய்பவர் வலது காலை ஊன்றும் அங்கவடியோடு ஒரு தோல் குப்பியைத் தைத்துக் கொடுத்தார். பழைய குதிரைப்படைக் கார்னெட்டுகள் கொடிக் கம்பின் அடியை அப்படித்தான் ஊன்றிக்கொண்டு போனார்களாம். கம்புக்கு அது போதும். கடிவாளத்துக்கு வழி? அதை முடிச்சுப் போட்டுக் குதிரையின் கழுத்தில் விட்டுவிட்டு, முழங்காலால் மட்டும் ஓட்ட வேண்டும். டாக்டரின் வேட்டைக்குதிரை முதல் நாளே அவனைப் புல்வெளியில் உருட்டியது. இன்னும் இரண்டு குதிரைகள் உருட்டின. கடைசியில் கைக்குச் சிக்கியது நிலக்கரி வண்டி இழுக்கும் பெட்ஸி. வயதான, அகலமான, எதற்கும் பதறாத பெண்குதிரை. அதன் முதுகில் அவன் விழவில்லை. ஆனால் அதை ஓட வைக்கவும் அவனால் முடியவில்லை.

ஆகஸ்டில் சவாரி நாள் விடிந்தது. வழக்கப்படி பாலில் ரம் கலந்து குடித்தார்கள். நகரத் தலைவர் பச்சைக் கொடியை நீட்டினார். வாட்டி வலது கையால் வாங்கிக் குப்பியில் ஊன்றினான். தெருவில் கொடி படபடக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

இடப்புறம் சாண்டி வந்து நின்றார். வலப்புறம் ஜாக்கின் இடம். அதை நிரப்ப யாரும் முன்வரவில்லை, நிரப்பச் சொல்லவும் இல்லை. எல்லையைச் சுற்றிய அந்தக் காலை முழுக்க, ஓடையைக் கடந்தபோதும், ஒற்றை வண்டி மட்டுமே நுழையும் பண்ணை வாசல்களிலும், அறுபது எழுபது குதிரைகள் ஒன்றோடொன்று நெருக்கி இடித்துக்கொண்டு வந்தன. அந்த ஒரு குதிரையின் அகலம் மட்டும் கடைசிவரை காலியாகவே வந்தது.

பிறகு காக்கைக் குன்று. உச்சியில் பெண்கள், கிழவர்கள், சக்கர நாற்காலியில் வந்த முன்னாள் சிப்பாய்கள். எஃபி முன்வரிசையில் இருந்தாள். துரத்தலுக்கு எல்லாரும் பின்னால் ஒதுங்க, வாட்டி மட்டும் முன்னால் நின்றான். ஊதுகொம்பு ஒலித்தது.

பெட்ஸி ஓடியது. உண்மையாகவே ஓடியது. நிலக்கரி வண்டிக் குதிரை அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. கொடி விறைத்துப் பறந்தது. பின்னாலிருந்து மொத்தக் கூட்டமும் கத்திக்கொண்டே கிளம்பியது. முதல் ஆள் டாண்ட்.

சரிவின் பாதியில் பெட்ஸிக்கு மூச்சு வாங்கியது. பாய்ச்சல் ஓட்டமானது, ஓட்டம் நடையானது. வாட்டி முழங்காலால் அழுத்திப் பார்த்தான், காதோரம் குனிந்து கெஞ்சிப் பார்த்தான். அது தலையை ஆட்டிக்கொண்டு, வீடு வீடாக நிலக்கரி கொடுக்கப் போவதுபோல நிதானமாக நடந்தது.

பின்னால் டாண்டின் குதிரை வெறிகொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச தூரம், கார்னெட்டை முந்திவிடும். எங்கள் ஊர் நினைவில் அப்படி நடந்ததே இல்லை. டாண்ட் முழு பலத்தோடு கடிவாளத்தை இழுத்தான். குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நின்றது. தரையில் கால் பட்டதும் மறுபடி முன்னால் தாவப் பார்த்தது. நிற்க வைக்க முடியாது என்று தெரிந்ததும், டாண்ட் குதித்தான். குதிரையின் வாயருகே கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கி, அதைத் திருப்பி, இழுத்துப் பிடித்து, நடக்கத் தொடங்கினான்.

அவனுக்குப் பின்னால் வந்தவன் இறங்கினான். அடுத்தவன் இறங்கினான். டாக்டர் இறங்கினார், கொழுத்த பண்ணையார்கள் இறங்கினார்கள். நகரத் தலைவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். காக்கைக் குன்றின் சரிவு முழுக்க மனிதர்கள் குதிரைகளைக் கையில் பிடித்து நடந்து வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், உயரத்தில், ஒற்றைக் கையும் பச்சைக் கொடியும். அதை நேரில் பார்த்தவர்கள் எத்தனையோ வருடம் கழித்துக் கதை சொல்லும்போதும் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பெரிய ராஜாக்களின் ஊர்வலங்களைப் பார்த்த முன்னாள் சிப்பாய்களும் அவர்களில் உண்டு.

கத்திக்கொண்டு வந்த கூட்டம் ஏன் இப்படி அமைதியானது என்று வாட்டிக்குத் தெரியவில்லை. கார்னெட் உச்சியை அடையும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது, அதனால் பார்க்கவில்லை. உச்சியில் பெட்ஸியைத் திருப்பினான். கீழே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"என்னடா எல்லாரும் நடந்து வர்றீங்க? குதிரை எதுக்குடா?"

டாண்ட் மூச்சிரைக்க நின்றான். "நீங்க கொஞ்சம் வேகமாப் போயிருந்தா நாங்க ஏன் நடக்கப் போறோம், கார்னெட்?"

அப்போதுதான் குன்று முழுக்கக் கத்தல் எழுந்தது. எஃபி மட்டும் கத்தவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பிற்பகலில் வாட்டி நகர மன்றத்தின் படியேறி, கறைபடாத கொடியைத் தலைவர் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் விரல்கள் கம்பை விட மறுத்ததாகவும், தலைவர் அவசரப்படாமல் காத்திருந்ததாகவும் சொல்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை கல்யாணம். பிறகு வாட்டி ஆலை வாசலில் காவலராக முப்பது வருடம் இருந்தார். முதலாளிகள் இருவர் மாறினார்கள், ஆலையின் பெயரும் மாறியது. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு, முதல் நாள் காலையில் அவரைப் பார்த்து, "குட் மார்னிங், கார்னெட்" என்பார்கள். ஏன் அப்படிக் கூப்பிடுகிறோம் என்று அவர்களில் சிலருக்கு மதியத்துக்குள் யாராவது சொல்லிவிடுவார்கள். மறுநாள் காலையில் அவர்கள் அதே வார்த்தையைச் சொல்லும் விதமே வேறாக இருக்கும்.