மண்ணெண்ணெய் ஊற்றிய பாத்தி

அக்கரைப்பற்றிலிருந்து தெற்கே போகும் பஸ், ரேடியேட்டர் கொதித்து ஓர் உப்பளத்தின் அருகே நிற்கிறது. இறங்கிப் பார்க்கிறேன். பாத்தித் தண்ணீர் சிவந்து கிடக்கிறது. எந்த மீனும் பிழைக்காத அந்த உவர்ப்பில், சின்னஞ்சிறு இறால்கள் கூட்டங்கூட்டமாக மல்லாந்து நீந்துகின்றன. பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை அவைதான். அவற்றின் மேல் உப்பளக் குத்தகைக்காரர் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்க்கிறார்.

"நானா, என்ன செய்றீங்க? இந்த உப்பைத்தானே சனம் தின்னுது?" அண்ணனை இந்தப் பக்கம் நானா என்பார்கள்.

"புழு கிடந்தா உப்பு நாறும் தம்பி. ஒவ்வொரு வருசமும் ஊத்திக் கொல்லுறம். எங்க இருந்துதான் திரும்ப வருதோ தெரியா."

புழுவாம். உப்பு நாறுமாம். மண்ணெண்ணெய் மட்டும் மணக்குமா? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இறால் செத்தாலும் அதன் முட்டைகள் தவிட்டுநிறத் தூசியாகக் கரையில் ஒதுங்கிவிடும். எவ்வளவு வெயிலில் காய்ந்தாலும் சாகாமல் கிடந்து, மழைத்தண்ணீர் பட்டதும் பொரிக்கும். சொல்ல வாய் திறக்கிறேன். அதற்குள் அவர் அந்தத் தூசியை மிதித்துப் போய், எண்ணெயில் முட்டைத் தூசி அப்பிய கால்களைக் கழுவ அடுத்த பாத்தியில் இறக்குகிறார்.

வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறேன். நன்றாகத் தேய்த்துக் கழுவட்டும்.